பெண் பிள்ளைகளின் காமிக்ஸ் தமிழுக்கும் வேண்டும்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் காமிக்ஸ் வெளியிடும் நண்பர்களுக்கும்,

வணக்கம். நான் சிறுகதை எழுதுகிறவள். உங்களில் சிலர் என் கதைகளை அச்சில் கொண்டுவந்திருக்கிறீர்கள், சிலர் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். இன்று என் கதைக்காக எழுதவில்லை. ஜப்பானில் பெண் பிள்ளைகளுக்கென்று வரைகிற காமிக்ஸ் இருக்கிறதே, ஷோஜோ மங்கா, அதைத் தமிழில் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒரே ஒரு புத்தகத்தில் தொடங்கினாலும் போதும். கேட்கிற உரிமை எனக்கு எப்படி வந்தது என்றால், கதை எழுதுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்தப் படக்கதைகளிலிருந்து வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்ததெல்லாம் ஆங்கில வழியாகத்தான். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பெரிய புத்தகக் கடைக்குப் போனால் இப்போது மங்காவுக்கென்று தனி அலமாரியே இருக்கிறது. அதில் முக்கால்வாசி பையன்களை மனதில் வைத்து வரைந்த சண்டைக் கதைகள். ஓரமாக ஒரு தட்டில் ஷோஜோ. ஒரு தொகுதி நானூறு, ஐந்நூறு ரூபாய். இருபது தொகுதி ஓடுகிற தொடர் என்றால் ஒரு சாதாரணக் குடும்பம் அதை வாங்குமா? விலையையாவது நூலகம், நண்பர்கள் என்று சமாளித்துவிடலாம். மொழியை எப்படிச் சமாளிப்பது? என் அக்கா மகள் தமிழ்வழியில் படிக்கிறாள். நோட்டுப் புத்தகம் நிறைய கதை எழுதி வைத்திருக்கிறாள். “சித்தி, இந்தப் பக்கத்துல அவ என்ன நெனைக்கிறா?” என்று அவள் கேட்கக் கேட்க நான் வாயால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாத்திரம் பேசுவதை எழுதுகிற பலூனுக்குள் இருப்பதைச் சொல்லிவிடலாம். பலூனுக்கு வெளியே மிதக்கிற வரிகளை வாயால் சொன்னால் அதன் உயிர் போய்விடுகிறது.

அந்த வெளியே மிதக்கிற வரிகளைப் பற்றித்தான் உங்களிடம் முதலில் பேச வேண்டும்.

ஷோஜோ மங்காவின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் காமிக்ஸில் கட்டம் கட்டமாக வரிசையாக நகரும் கதை, இங்கே அப்படி நகர்வதில்லை. கட்டத்தின் கோடு ஒரு பக்கம் அழிந்திருக்கும். ஒரு முகம் இரண்டு கட்டங்களின் மேல் படர்ந்திருக்கும். எழுத்து மூன்று விதமாக வரும். பலூனுக்குள் இருப்பது அவள் வாய்விட்டுச் சொன்னது. பலூனே இல்லாமல் வெறும் வெள்ளையில் நிற்பது அவள் மனசுக்குள் ஓடுவது; அது ஒரே இடத்தில் நிற்காமல் துண்டு துண்டாகப் பக்கம் முழுக்க இறங்கி வரும், அடுத்த பக்கத்திலும் தொடரும். மூன்றாவது, ஓரத்தில் பொடிப் பொடியாகக் கைப்பட எழுதியிருக்கும் வரி. ‘ஐயோ சாக்ஸ் மாத்திப் போட்டிருக்கேன்’ என்பதுபோல, கதைக்குத் தேவையே இல்லாத ஒன்று. சொன்னது, சொல்லாதது, சொல்லுமளவுக்குப் பெரிதில்லாதது என்று மூன்றும் ஒரே நொடியில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

நம் சிறுகதைகளில் பெரும்பாலும் இரண்டு குரல்தான் உண்டு. பாத்திரம் பேசும், ஆசிரியர் விளக்குவார். ‘அவளுக்குத் துக்கம் தொண்டையை அடைத்தது’ என்று ஆசிரியர் எழுதிவிட்டால் வாசகருக்கு அப்புறம் அங்கே வேலை இல்லை. நானும் அப்படித்தான் எழுதப் பழகினேன், எல்லோரும் அப்படித்தான் பழகுகிறோம். மங்கா படிக்கத் தொடங்கிய பிறகு, துக்கம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த மூன்று குரலையும் உரைநடையில் கொண்டுவர முடியுமா என்று முயன்றேன். என் கதை ஒன்றில் தங்கை வேலை கிடைத்து ஓசூருக்குக் கிளம்புகிறாள், அக்கா சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடுகிறாள். அந்த இடம் இப்படி வந்தது:

“டிபன் டப்பாவ பஸ்லயே விட்டுடாத.”
இனி ராத்திரி ஃபேன் ஸ்பீடுக்கு யார்கூட சண்டை போடுவேன்.
புளிச்சோத்துல உப்பு கம்மியா இருக்கும், அவசரத்துல போட்டது.

பேசிய வரி, நினைத்த வரி, ஓர வரி. நடுவில் ‘என்றாள்’, ‘எண்ணினாள்’ எதுவும் இல்லை. அந்தக் கதையைப் படித்தவர்கள் அழுததாகச் சொன்னது மூன்றாவது வரியில். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பெரிய உணர்ச்சி பக்கத்தில் ஒரு சின்ன விஷயத்தைக் கைப்பட எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியப் பெண்கள் ஐம்பது வருடமாகச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஒரு கதையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஹாகியோ மோட்டோ என்ற ஷோஜோ மங்கா ஓவியர் 1984இல் வரைந்த ‘ஹான்ஷின்’. மொத்தமே 16 பக்கம். உடல் ஒட்டிப் பிறந்த இரட்டைச் சகோதரிகள். தங்கை பார்க்கிறவர்கள் மயங்குகிற அழகு, ஆனால் மனம் வளராத குழந்தை. அக்கா புத்திசாலி, ஆனால் உடம்பு வற்றித் தலைமுடி மெலிந்து கிடக்கிறாள்; இருவருக்கும் சேர வேண்டிய சத்தில் பெரும்பங்கு தங்கைக்குப் போகிறது. ஊரார் தங்கையைக் கொஞ்சுகிறார்கள். அவளைத் தாங்கிக்கொண்டு நடக்கிறவள் அக்கா. கதையை நமக்குச் சொல்கிறவளும் அக்காதான். ஒரு கட்டத்தில் டாக்டர்கள், இப்படியே விட்டால் இருவருமே பிழைக்க மாட்டீர்கள், பிரித்தால் நீ மட்டும் பிழைப்பாய் என்கிறார்கள். பிரிக்கிறார்கள். அக்காவுக்கு உடம்பு தேறுகிறது. கட்டிலில் கிடக்கிற தங்கையைப் பார்க்கப் போகிறாள். அங்கே ஒடுங்கிக் கிடப்பது இவளுடைய பழைய முகம். பிறகு வளர்ந்து, அழகாகி, கண்ணாடி முன்னால் நிற்கிறபோது எதிரே தெரிவது தங்கையின் முகம். அப்படியானால் அன்றைக்கு இறந்தது யார்?

இதில் அவள் வருந்த வேண்டும் என்றோ நிம்மதி அடையலாம் என்றோ ஹாகியோ தீர்ப்புச் சொல்வதில்லை. எவ்வளவு வெறுத்தாளோ அவ்வளவு நேசித்தாள் என்ற இடத்தில் நிறுத்திவிடுகிறார். நோடா ஹிதெகி என்ற நாடகக்காரர் 1986இல் இதை மேடை நாடகமாக்கினார், 16 பக்கக் கதை முழுநீள நாடகத்தைத் தாங்கியது. நான் ஒரு கதையை முடிக்க முடியாமல் திணறும்போதெல்லாம் இந்தக் கதையை எடுத்துக் கடைசி இரண்டு பக்கத்தைப் பார்ப்பேன். எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அதில் தெரியும்.

யோஷிடா அகிமியின் ‘உமிமாச்சி டயரி’ இன்னொன்று. 2006 முதல் 2018 வரை வந்த தொடர், கமகுராவில் வாழும் சகோதரிகளின் கதை. கொரேஎடா ஹிரோகாஸு 2015இல் படமாகவும் எடுத்தார், உங்களில் பலர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தை விட்டுப்போன அப்பா எங்கோ ஒரு மலையூரில் இறந்துவிடுகிறார். மூன்று பெண்கள் சாவுக்குப் போகிறார்கள். அங்கே அப்பாவின் இன்னொரு மகள், பள்ளிக்கூடப் பிள்ளை, பெரிய மனுஷிபோல் வந்தவர்களை வரவேற்று எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கிளம்புவதற்கு முன் மூத்தவள் அவளிடம், அப்பாவைப் பார்த்துக்கொண்டது நீதானே, நன்றி என்று சொல்கிறாள். அவ்வளவுதான், அந்தப் பிள்ளை உடைந்து அழுகிறது. சுற்றிலும் வெயிற்காலப் பூச்சிகளின் சத்தம்.

ஆறுதல் சொன்னபோது வராத அழுகை நன்றி சொன்னபோது வருகிறது. நம் வீட்டுச் சாவுகளிலும் இது நடக்கிறது, எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் மூத்திரத்துணி மாற்றிய மருமகளிடம் யாராவது ஒருவர், ‘நீதாம்மா பாத்துக்கிட்ட’ என்று சொல்கிற நொடிவரை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டேதான் இருப்பாள். பார்த்திருந்தும், அது கதையின் மையமாக இருக்கலாம் என்று எனக்குக் காட்டியது அந்த மங்காதான்.

ஒருமுறை ஓர் இதழாசிரியர் என் கதையைத் திருப்பி அனுப்பியபோது ‘வயசுப் பெண்ணின் டைரி மாதிரி இருக்கிறது, கனம் இல்லை’ என்று குறிப்பு எழுதியிருந்தார். குறையாகச் சொன்னார். அந்தக் குறிப்பு எனக்கு நீண்டநாள் வலித்தது. வயசுப் பெண்ணின் டைரிக்குள் எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்பதை ஜப்பானில் ஒரு தலைமுறையே நிரூபித்திருக்கிறது. அதைத் தமிழில் பார்க்க அவருக்கு ஒரு புத்தகம் இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை அவர் வேறுவிதமாக எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

யாசாவா ஐயின் ‘நானா’ டைரி நடைக்கு நல்ல உதாரணம். 2000இல் தொடங்கி, ஆசிரியரின் உடல்நலக் குறைவால் 2009இல் நின்றது, இன்னும் முடியவில்லை. ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள் டோக்கியோவில் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். நடக்கிற கதை நிகழ்காலத்தில் ஓடும்போதே, அதில் ஒருத்தி எங்கோ பல வருடம் தள்ளி நின்று மற்றவளைக் கூப்பிட்டுப் பேசுகிறாள்: ஏய் நானா, அன்றைக்கு உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்கிற பாணியில். அதனால் இருவரும் சிரித்துக்கொண்டு இருக்கிற கட்டத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, இவர்கள் பின்னால் பிரியப்போகிறார்கள். சிரிப்பு ஒரு பக்கம், அந்தக் குரல் ஒரு பக்கம். எதிரில் இல்லாத ஒருவரிடம் பேசுகிற இந்த உத்தி தமிழுக்கு அந்நியம் கிடையாது. குறுந்தொகையில் ‘தலைவன் சிறைப்புறத்தானாக’ என்ற துறைக்குறிப்போடு வரும் பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். தோழி தலைவியிடம் பேசுவதுபோல் பேசுவாள், வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கிறவன் காதில் விழ வேண்டும் என்பதற்காக. யாரிடம் பேசுகிறோம், யார் கேட்கிறார்கள் என்கிற இந்த விளையாட்டை எழுதி வைத்தவர்கள் நம் ஆட்கள். பூவைப் போட்டு மனநிலையைச் சொல்வதும் அப்படியே. ஷோஜோ பக்கத்தில் ஒரு முகத்துக்குப் பின்னால் திடீரென்று பூ நிறைந்திருப்பதை அலங்காரம் என்று நினைக்கிறவர்கள், குறிஞ்சி என்றால் புணர்தல், முல்லை என்றால் இருத்தல் என்று படித்த தமிழ் வகுப்பை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொண்டால் போதும். எங்கள் அகத்துக்குத் திரும்பிப் போக எனக்கு வழி காட்டியது ஜப்பானியக் காமிக்ஸ் என்பதைச் சந்தோஷமாகவே சொல்வேன். இப்போதெல்லாம் கதையில் ஒரு செடி வந்தால் அது ஏன் அங்கே நிற்கிறது என்று யோசிக்காமல் எழுதுவதில்லை.

படம் பார்த்து எழுத்துக் கற்றேன் என்பது விநோதமாகத் தோன்றலாம். ஜப்பானிலேயே இது எழுத்தில் தொடங்கி, படத்துக்குப் போய், திரும்ப எழுத்துக்கு வந்த பயணம்தான். யோஷியா நொபுகோ என்ற எழுத்தாளர் 1916இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் ‘ஹானா மொனொகதாரி’ கதைகளை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு கதைக்கும் ஒரு பூவின் பெயர். பெண் பள்ளிகளின் விடுதி, தோழிகளுக்கிடையிலான ஆழ்ந்த பாசம், அரைகுறையாக நிற்கிற வாக்கியம் என்று அவர் போட்ட அடித்தளத்தில்தான் பின்னால் ஷோஜோ மங்கா எழுந்தது. தெசுகா ஒசாமு என்ற ஆண் ஓவியர் ‘ரிபோன் நோ கிஷி’ மங்காவை 1953இல் பெண் பிள்ளைகள் பத்திரிகையில் தொடங்கினார், அதன்பின் பத்திருபது வருடம் இந்தத் துறையில் ஆண் ஓவியர்களே அதிகம். எழுபதுகளில் பெண்கள் வந்து கைப்பற்றினார்கள். அப்புறம் அதைப் படித்து வளர்ந்த தலைமுறை நாவல் எழுதியது. நாவலாசிரியர் யோஷிமோதோ பனானா தன்மேல் ஓஷிமா யுமிகோவின் மங்காவுக்கு இருந்த தாக்கத்தை வெளிப்படையாகச் சொன்னவர். ‘கிச்சன்’ 1988இல் புத்தகமாக வந்தபோது அந்த நடையின் லேசான தன்மையைப் பார்த்துப் பலர் வியந்தார்கள்; ஓஷிமாவைப் படித்தவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமானதுதான்.

ஓஷிமாவின் ‘வதா நோ குனி ஹோஷி’யைப் பற்றி ஒரு வார்த்தை. 1978இல் தொடங்கியது. கைவிடப்பட்ட ஒரு பூனைக்குட்டியை, பரீட்சையில் தோற்ற ஒரு பையன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். மற்றவர்கள் கண்ணுக்கு அது பூனை. நம் கண்ணுக்கு ஓஷிமா அதைப் பூனைக்காதும் கவுனும் உள்ள சிறுமியாக வரைகிறார், ஏனென்றால் அந்தக் குட்டி தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. எல்லா மனிதர்களும் முதலில் பூனையாக இருந்தவர்கள், வளர்ந்தால் தானும் மனுஷி ஆகிவிடலாம் என்று நம்புகிறது. ஆகமாட்டாய் என்று இன்னொரு பூனை சொல்லும் இடம் வரும்போது, பருவம் எய்தப்போகிற எந்தப் பெண் பிள்ளைக்கும் அது தன் கதை என்று புரிந்துவிடும். பாத்திரம் தன்னை எப்படிப் பார்க்கிறதோ அப்படியே வரை, உலகம் அதை எப்படிப் பார்க்கிறது என்பதை மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் காட்டு. கதை எழுதுகிற யாருக்கும் இதைவிடப் பயனுள்ள பாடம் கிடைப்பது அரிது.

இனி உங்கள் தொழில் பக்கம் வருகிறேன். விற்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதே கேள்வியை ஜப்பானியப் பதிப்பாளர்களும் கேட்டார்கள்.

1972ஆம் ஆண்டைப் பாருங்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பிய வருடம். அதே வருடம் டோக்கியோவில் இகெதா ரியோகோ ‘வெர்சாய் நோ பாரா’வைத் தொடங்குகிறார், பிரெஞ்சுப் புரட்சிக் கதை. சரித்திரமெல்லாம் பெண் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் தயங்கினார்கள். இரண்டே வருடத்தில் அது நாடு முழுக்கப் பைத்தியம் பிடிக்க வைத்தது. 1974இல் தகராஸூகா பெண்கள் நாடகக் குழு மேடையேற்றியது, இன்றுவரை ஆடுகிறார்கள். இகெதாவுக்குப் பிரெஞ்சு அரசு 2009இல் லெஜியோன் தோனர் விருது கொடுத்தது. ஹாகியோ ‘போ நோ இச்சிஸோகு’வை அதே 1972இல் தொடங்கினார், சாகாத ரத்தக்காட்டேரிச் சிறுவர்களின் கதை. 1974இல் அது முதல்முறை நூலாக வந்தபோது ஷோகாகுகான் நிறுவனம் 30,000 பிரதி அச்சிட்டது. மூன்று நாளில் தீர்ந்தது. அதே சமயம் வாரப் பத்திரிகையில் அவருடைய ‘தோமா நோ ஷின்ஸோ’ வாசகர் வாக்கெடுப்பில் கடைசி இடத்தில் கிடந்தது, நிறுத்திவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூல் விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் தொடரைத் தொடரவிட்டார்கள். இன்று ‘தோமா’ அந்தத் துறையின் உன்னதங்களில் ஒன்று. வார வாக்கெடுப்பை மட்டும் நம்பியிருந்தால் அது பாதியில் செத்திருக்கும். ஹாகியோவுக்கு 2012இல் ஜப்பான் அரசு ஊதா நாடா பதக்கம் கொடுத்தது. 2022இல் அமெரிக்காவில் காமிக்ஸுக்குக் கொடுக்கிற ஐஸ்னர் விருதின் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.

ஹாகியோ பிறந்தது 1949இல், ஜப்பானியக் கணக்கில் ஷோவா 24. அந்த வருடத்தை ஒட்டிப் பிறந்த ஹாகியோ, தகெமியா கெய்கோ, ஓஷிமா, யமகிஷி ரியோகோ, கிஹாரா தொஷியெ போன்றவர்களை ‘24ஆம் ஆண்டுக் குழு’ என்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் டோக்கியோ நெரிமா பகுதியில், ஓஇஸுமி என்ற இடத்தில் ஹாகியோவும் தகெமியாவும் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து இருந்தார்கள். இருபதைத் தாண்டிய பெண்கள், வீட்டை விட்டு வந்தவர்கள்; மற்ற ஓவியர்களும் வந்து தங்கிப் படம் வரைந்து, ஐரோப்பிய சினிமா பற்றி வாதாடிக்கொண்டு இருந்த வீடு. பின்னாளில் கசப்பும் வந்தது, ஹாகியோ 2021இல் எழுதிய நினைவு நூலில் அது தெரிகிறது. ஆனாலும் சம்பாதிக்கிற இளம்பெண்கள் தங்கள் கலைக்காக ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தார்கள் என்கிற செய்தியே எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. தகெமியா பின்னாளில் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகத்தின் தலைவராகவே ஆனார்.

நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அங்கே வாசகிதான் எழுத்தாளர் ஆனாள். சதொனகா மச்சிகோ 1964இல் கோதான்ஷா நிறுவனத்தின் புதுமுகப் போட்டியில் வென்று அறிமுகமானபோது அவருக்கு வயது 16. பெண் பிள்ளைகள் பத்திரிகைகள் வாசகிகளிடமிருந்து படைப்பு வாங்கி, குறை நிறை சொல்லி, தேறியவர்களை அச்சில் ஏற்றின. தொகுதியாக வரும்போது பக்க ஓரத்தில் காலியாகக் கிடக்கும் பத்தியில் ஆசிரியை கைப்பட எழுதிப் பேசுவார்: இந்த மாதம் ஜலதோஷம், இந்தப் பாத்திரத்தின் சட்டையை வரையத்தான் நேரம் ஆகிறது என்றெல்லாம். படிக்கிற பெண்ணுக்கு, இதை வரைந்தது என்னைப் போல ஒருத்தி என்று தோன்றும். 1975 டிசம்பரில் டோக்கியோவில் முதல் காமிக் மார்க்கெட் நடந்தபோது 32 குழுக்கள், சுமார் 700 பேர் வந்தார்கள். அதில் பெரும்பாலோர் ஷோஜோ மங்கா பிடித்த பள்ளி மாணவிகள், தாங்களே அச்சடித்த இதழ்களோடு. இன்று லட்சக்கணக்கானோர் கூடுகிற திருவிழா அது.

நம் ஊரில் எழுத ஆசைப்படுகிற பெண் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. செயலிகளில் தொடர்கதை எழுதித் தள்ளுகிறார்கள், வாசகிகள் அடுத்த அத்தியாயம் எப்போது என்று நச்சரிக்கிறார்கள். வேகம் இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது. ஒரு காதலை, ஒரு நட்பை, ஒரு பொறாமையை எவ்வளவு நுணுக்கமாகச் சொல்லலாம் என்று பார்த்துக் கற்க முன்மாதிரிதான் போதவில்லை. ஒரு பக்கம் தொலைக்காட்சித் தொடர், இன்னொரு பக்கம் அவர்களை ஏறெடுத்தும் பார்க்காத தீவிர இலக்கியம். நடுவில் இருக்கிற இடம் காலி. அந்த இடத்துக்குத்தான் ஷோஜோ மங்கா வேண்டும் என்கிறேன்.

ஜப்பானியப் பெண் பிள்ளையின் கதை தமிழில் ஒட்டாது என்று சொல்லாதீர்கள். குரோயானகி தெத்சுகோவின் டோட்டோ-சானை நாம் எப்படி ஏற்றுக்கொண்டோம்! ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்துக்கொள்கிற புத்தகம் அது. ரயில்பெட்டிப் பள்ளிக்கூடம் எந்த ஊரில் இருந்தால் என்ன என்று தமிழ் வாசகர் கேட்டுவிட்டார்.

செய்யும்போது சிலவற்றில் கவனம் வேண்டும். இருபது தொகுதித் தொடரில் கை வைக்காதீர்கள், பாதியில் நின்றால் வாசகிக்குத் துரோகம். ஹாகியோவின் சிறுகதைகள் போல ஒரே புத்தகத்தில் முடிவதை எடுங்கள். கறுப்பு வெள்ளைதான், சிறிய அளவுதான். வழவழப்புத் தாளும் கெட்டி அட்டையும் போட்டு விலையை ஏற்றாதீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளை வாங்க வேண்டியது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்காமல் ஜப்பானிய மொழியிலிருந்தே பெயர்க்கச் சொல்லுங்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற இடங்களில் பல வருடமாக ஜப்பானிய மொழி கற்றுத் தருகிறார்கள். அங்கே படித்து ஐடி கம்பெனிகளில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர்கள் நிறைய. அவர்களில் கதை பிடித்தவர்களைத் தேடுங்கள். ஜப்பான் ஃபவுண்டேஷன் அமைப்பு மொழிபெயர்ப்புக்கும் வெளியீட்டுக்கும் உதவித்தொகை தருகிறது. உரிமை பேச, 2023 முதல் நடக்கும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி இருக்கிறது.

லெட்டரிங் பற்றிக் கெஞ்சியே கேட்கிறேன். மேலே சொன்ன மூன்று குரலுக்கும் மூன்று எழுத்து வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எழுத்துருவில் டிடிபி செய்து பலூனில் திணித்தால் கதையே செத்துவிடும். ஓர வரிகளை ஒரு பெண்ணின் கையெழுத்தில் எழுத வையுங்கள், நிஜமாகவே கையால். தமிழ் வாக்கியம் நீளும் என்பது தெரியும். அதற்காக எழுத்தைச் சுருக்குவதைவிட வாக்கியத்தைச் சுருக்குகிற மொழிபெயர்ப்பாளரைப் பிடியுங்கள். பேச்சே இல்லாத பக்கத்தில் விளக்கம் சேர்க்காதீர்கள். வலமிருந்து இடமாகப் படிக்கும் முறையை அப்படியே வையுங்கள், படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போட வேண்டாம். பிள்ளைகள் இரண்டே பக்கத்தில் பழகிவிடுவார்கள். சத்தங்களுக்குப் பயமே வேண்டாம், படபட, சலசல, திடுதிடு என்று அதற்கான சொற்களைத் தமிழ் மூட்டை கட்டி வைத்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் பெயரையும் எழுத்து வரைந்தவர் பெயரையும் அட்டையிலேயே போடுங்கள்.

இந்தத் துறையில் எல்லாமே பத்து வயதுப் பிள்ளைக்கானவை என்று நான் சொல்லவில்லை. தகெமியாவின் ‘காஸே தோ கி நோ உதா’ பெரியவர்கள் படிக்க வேண்டியது, சிறுவர்கள் மேல் நடக்கும் கொடுமை அதில் உண்டு. அதை எந்த வயதுக்கு என்று பின்னட்டையில் தெளிவாகப் போட்டுவிடலாம். பெற்றோருக்குப் பயந்து வெட்டிச் சுருக்கி வெளியிடுவதைவிட வேறொரு கதையைத் தேர்ந்தெடுப்பது மரியாதை.

கடைசியாக ஒன்று. புத்தகத்தின் கடைசி நான்கு பக்கத்தை வாசகிகளுக்கு விடுங்கள். கதையோ படமோ அனுப்பச் சொல்லுங்கள். வருகிற ஒவ்வொன்றுக்கும் என்ன நன்றாக இருக்கிறது, எதைத் திருத்தலாம் என்று இரண்டு வரி பதில் போக வேண்டும், அச்சில் வராதவர்களுக்கும்தான். அந்தப் பதில் எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், ப்ரூஃப் பார்ப்பதையும் சேர்த்து. ஊதியம் எதிர்பார்க்கவில்லை. என்னைப்போல இதைப் படித்து எழுத வந்த தோழிகள் சிலர் சேலத்திலும் மதுரையிலும் இருக்கிறார்கள், அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உரிமை கேட்டு ஜப்பானுக்கு முதல் கடிதம் எழுத உங்களில் ஒருவர் முன்வந்தால், அடுத்த வாரமே உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
சிறுகதை எழுதும் ஒரு வாசகி